வீதி உயர்ந்தது, வீடு தாழ்ந்தது: மாரியில் நிலத்தால் ஊறும் தண்ணீரைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

கனடாவில் இருக்கும் என் தம்பி வருடத்துக்கு ஒரு முறையாவது "பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர்" என்று தொலைபேசியில் புலம்புவான். அங்கே பனி உருகும் காலத்தில் நிலம் நனைந்து ஊதி, வீட்டின் அடிச்சுவர்களால் நீர் உள்ளே வருகிறது. இங்கே வன்னியில் நிலத்துக்குக் கீழே அறை கட்டுகிறவர்கள் அரிது. நிலக்கீழ் அறை என்றதும் எங்கள் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பதுங்குகுழிதான். பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டு எவ்வளவு பத்திரமாகக் கட்டினாலும், கார்த்திகை பிறந்ததும் அடியில் ஊற்றெடுத்துவிடும். வாளியால் அள்ளி ஊற்றுவோம். விடியும்போது அதே மட்டத்தில் மறுபடி நிற்கும்.

இப்போது அந்தத் தொல்லை வேறு வேடத்தில் வந்திருக்கிறது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கையில் இருந்த பணத்துக்கு ஏற்ப அத்திவாரத்தைத் தாழ்வாகப் போட்டுக் கட்டிய வீடுகள் எத்தனையோ. பின்னர் வீதிகளுக்குக் கிரவல் பரப்பி உயர்த்திக் காபெற் விரித்தார்கள். பக்கத்து வளவுக்காரரும் இரண்டு அடி மண் நிரப்பி மதில் கட்டினார். நடுவில் அகப்பட்ட வீடு இருந்த இடத்திலேயே நிலக்கீழ் அறையாகிவிட்டது. எங்கள் வீடு அப்படிப்பட்டது. நான்கு மாரி பட்டு, இரண்டு முறை வீண்செலவு செய்து தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். நகரத்துக் கடைத்தொகுதிகளில் உண்மையாகவே நிலத்துக்குக் கீழே களஞ்சிய அறை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தண்ணீர் உள்ளே நிற்கும்போது

முதலில் மின்சாரம். மெயின் சுவிட்சைத் தொட ஈரத்தில் நடக்க வேண்டியிருந்தால் நடக்காதீர்கள். மின்விநியோகத்துக்கான 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்காமல் வருடக்கணக்கில் கிடக்கும் ட்ரிப் சுவிட்ச் தேவையான நேரத்தில் விழாமல் போகலாம்.

காலில் பூட்ஸ், கையில் தடி. மாரியில் எங்களைப் போலவே பாம்பும் மேட்டைத் தேடி வருகிறது. நெல்மூட்டை அடுக்கு, குசினி மூலை, விறகுக் குவியல் ஆகியவற்றைத் தடியால் தட்டிய பிறகு கையை வையுங்கள். காலில் புண் இருப்பவர்கள் தேங்கிய நீரில் இறங்காமல் இருப்பது நல்லது; எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. தொடர்ந்து நீரில் நிற்க வேண்டியவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.

வயலுக்கு இறைக்கும் 2 அங்குல மோட்டார் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருப்பது பெரிய வசதி. ஆனால் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் மோட்டாரை ஒருபோதும் அறைக்குள், விறாந்தையில்கூட, வைத்து இயக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மூடிய இடத்தில் ஆளைக் கொன்றுவிடும். மோட்டார் முற்றத்தில் நிற்கட்டும், குழாய் உள்ளே போகட்டும்.

இனி ஆழமான அறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அறைக்குள் இடுப்பளவு நீர், வெளியே நிலமும் ஊறிக் கிடக்கிறது என்றால், ஒரே மூச்சில் இறைத்து முடிக்க அவசரப்படாதீர்கள். 1 மீற்றர் உயர நீர் அடிமட்டத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 1 தொன் பாரத்தோடு தள்ளுகிறது. உள்ளே நிற்கும் நீர்தான் அப்போது சுவரை எதிர்ப்பக்கம் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுவர் உள்நோக்கி வயிறு தள்ளும், தளம் வெடித்து எழும்பும். மூன்றில் ஒரு பங்கை இறைத்து, மட்டத்தைக் குறித்து, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குறித்த மட்டத்துக்கு மேலே திரும்ப ஏறினால் இன்னும் காலம் வரவில்லை.

குளம் உடைப்பெடுத்தோ வான் கதவு திறந்தோ வரும் வெள்ளம் இந்தக் கணக்கில் சேராது. 2018 மார்கழியில் இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்படி வரும்போது வீட்டைப் பாராமல் மேட்டுக்குப் போவதுதான் வேலை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

எந்தத் தண்ணீர் என்று கண்டுபிடியுங்கள்

என் பணம் வீணானது இந்த இடத்தில்தான். சுவரடி நனைந்திருப்பதைக் கண்டதும் நீர்த்தடுப்புப் பெயின்ற் வாங்கி உட்புறம் இரண்டு பூச்சுப் பூசினேன். மறு மாரியில் அது அப்பளம்போல் பொங்கி உரிந்தது. தண்ணீர் வந்தது கூரையிலிருந்து. பூசியது சுவரின் உட்புறத்தில்.

வீட்டுக்குள் வரும் தண்ணீர் நான்கு வகை. கூரையாலும் முற்றத்தாலும் ஓடிவந்து சுவரடியில் தேங்குவது ஒன்று. நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து தளத்தின் கீழிருந்து தள்ளுவது இரண்டாவது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அத்திவாரத்தால் சுவரில் ஏறும் ஓதம் மூன்றாவது. உடைந்த குழாயோ கழிவுக்குழியோ நான்காவது.

நான்காவதைச் சோதிப்பது எளிது. இரவு படுக்குமுன் எல்லாத் திருகுபைப்புகளையும் பூட்டி, மேல் தாங்கியின் நீர்மட்டத்தைக் கரியால் குறியுங்கள். விடிய அது இறங்கியிருந்தால் குழாயில் ஒழுக்கு. குழாய் நீர் இணைப்பு உள்ளவர்கள் மீற்றரின் எண்ணைக் குறித்துவைத்தால் போதும். கழிவுக்குழியை மூக்கு சொல்லும்.

முதல் வகை மழையோடு வந்து மழையோடு போகும். மழை தொடங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் நனைந்து, வெயில் எறித்த மறுநாள் குறைந்தால் அது மேல்நீர். குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டும் மழையில் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். இந்தப் பத்து நிமிட நடை சொல்லித் தருவதை எந்த ஒப்பந்தகாரரும் சொல்லித் தரமாட்டார்.

ஓதம் என்றால் சுவரில் அலை அலையாக ஒரு கோடு தெரியும். பெரும்பாலும் நிலத்திலிருந்து 3 அடிக்கு மேல் ஏறாது. கோட்டோரத்தில் வெள்ளை உப்புப் பூக்கும், பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும்.

இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது: கிணறு. மேசன்மார் மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற ரியூப்பில் நீர் நிரப்பி, வீட்டுத் தளத்தின் மட்டத்தைக் கிணற்றுக் கட்டின் உட்புறத்துக்குக் கொண்டுபோங்கள். அந்த மட்டத்தில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு இழுங்கள். மாரி முழுவதும் தினமும் விடிந்ததும், கோட்டிலிருந்து நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று நாட்காட்டியில் எழுதுங்கள். கோட்டை நெருங்கும் நாளில் தளம் ஈரமானால், மழை விட்ட பிறகும் வாரக்கணக்கில் காயாவிட்டால், அது நிலத்தடி நீர். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பல மாரியில் குனிந்து செம்பால் அள்ளும் அளவுக்கு நிரம்புபவை. அதே நீர் வீட்டுக்கு அடியிலும் அதே மட்டத்தில்தான் நிற்கிறது.

தளத்தின் ஈரம் பற்றி இன்னும் ஐயம் இருந்தால், 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடிப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது.

மண்ணையும் பாருங்கள். முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் பிளந்து மாரியில் ஊதும். நீரை விடாது பிடித்து வைத்துச் சுவரைத் தள்ளும். குளத்துக்குக் கீழ்ப்பட்ட வயலோரக் காணிகளில் நீர்மட்டமே மேலே நிற்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் நீர் விரைவாக வந்து விரைவாகப் போகும். ஒரு ஊரில் பலித்த வைத்தியம் அடுத்த ஊரில் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

கூரையும் முற்றமும்

மலிவான வேலையை முதலில் செய்யுங்கள். 1000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9000 லீற்றருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. மார்கழியில் அப்படிப் பெய்யும் நாள் புதிதல்ல. கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் பீலி இல்லாத வீட்டில் அத்தனையும் சுவரடியில் ஊற்றப்படுகிறது. பிறகு சுவர் நனைகிறது என்று நாம் மேசனைக் குறை சொல்கிறோம்.

பீலி போடுங்கள். இறக்கக் குழாயைச் சுவரடியில் முடிக்காமல் குறைந்தது 10 அடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். மாமரமும் வேம்பும் நிற்கும் வளவென்றால் புரட்டாசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை பீலியின் சருகை அள்ள வேண்டும். அடைபட்ட பீலி, பீலி இல்லாததைவிட மோசம். ஒரே இடத்தில் கொட்டிக் குழி பறிக்கும்.

அடுத்தது முற்றத்தின் சாய்வு. சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலமாவது வெளிநோக்கி இறங்க வேண்டும். அதற்கு மண் நிரப்பும்போது மணல் கொட்டாதீர்கள், அது நீரைக் குடித்து அடியில் சேர்க்கும். களி கலந்த கிரவலை அடுக்கடுக்காக நனைத்து இடித்து இறுக்குங்கள். அதன்மேல் சுவரைச் சுற்றி 3 அடி அகலத்தில் கொங்கிறீட் போட்டு, வெளி விளிம்பை 1 அங்குலம் தாழ்த்தினால் போதும். சுவரும் இந்தக் கொங்கிறீட்டும் சேரும் மூலையைத் தாரால் அடைக்க மறக்க வேண்டாம். வெயிலில் பிளப்பது அந்த மூலைதான்.

சுவரையொட்டிக் குரோட்டன், வாழை வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றும் வீட்டில் கோடையிலும் ஓதம் இருக்கும். வாழையை வேலிக்கரைக்கு அனுப்புங்கள்.

எங்கள் வீட்டுத் தொல்லையில் பெரும்பகுதி இந்த இரண்டு வேலையோடு தீர்ந்தது. இதன்பின் ஒரு மாரியைப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து.

வக்கடை வெட்டுதல்

வயல் செய்பவருக்குச் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு உறுதியான வரம்பாக இருந்தாலும் வக்கடை, அதாவது நீர் வடிய வரம்பில் வெட்டும் வாய், விடாவிட்டால் ஒருநாள் நீர் தானே உடைத்துக்கொண்டு போகும். வீட்டைச் சுற்றித் தாழ்க்கும் கல் வாய்க்கால் அந்த வக்கடைதான்.

தோண்டத் தொடங்குமுன் ஒன்று. இது வன்னி. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவித்த நிலத்திலும் புதைந்த வெடிபொருட்கள் இன்னும் கிளம்புகின்றன. அலவாங்கை ஓங்கிக் குத்தாமல் மண்வெட்டியால் மெல்ல மெல்ல வெட்டுங்கள். துருப்பிடித்த இரும்போ, அடையாளம் தெரியாத பிளாஸ்ரிக் பெட்டியோ தெரிந்தால் தொடாமல், இழுக்காமல், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள். தூரத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசின் 119 இலக்கத்துக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வாய்க்கால் சுவரிலிருந்து 3 அடியாவது தள்ளியிருக்கட்டும். அகலம் 1 அடி. ஆழம் உங்கள் தளத்தின் மட்டத்துக்குக் கீழே போக வேண்டும், ஆனால் அத்திவாரத்தின் அடிக்குக் கீழே போகக் கூடாது. எங்கள் பக்கக் கருங்கல் அத்திவாரங்கள் பல 2 அடிதான். அதன் அடியைத் தோண்டினால் வாய்க்காலோடு சுவரும் வரும். மாரியில் தோண்டவே வேண்டாம்.

சாய்வு 8 அடிக்கு 1 அங்குலம். 40 அடி நீளத்துக்கு 5 அங்குலம் இறங்க வேண்டும். கண்ணால் மதிப்பிடாமல் கயிறு கட்டி ரியூப் மட்டத்தால் பாருங்கள். குழியில் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோ ரெக்ஸ்ரைல் துணியை விரித்து, முக்கால் அங்குலச் சல்லியை 2 அங்குலத் தடிப்பில் பரப்பி, 4 அங்குல பிவிசி குழாயை வையுங்கள். குழாயின் அடிப்பக்கத்தில் இரண்டு வரிசையாகத் துளையிட்டிருக்க வேண்டும். துளை மேலே பார்க்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; கீழே பார்த்தால்தான் நீர்மட்டம் குழாயின் அடியைத் தொட்டதுமே உள்ளே நுழைந்து ஓடும். மேலே சல்லி நிரப்பித் துணியை மடித்து மூடி மண் போடுங்கள். துணிக்குப் பதிலாக உரப்பையை வெட்டிப் போடுபவர்கள் உண்டு. களிநிலத்தில் அதன் கண்கள் சீக்கிரம் அடைபடும்.

நீர் போய்ச் சேரும் இடம் எது என்பதைத் தோண்டுமுன்பே முடிவு செய்யுங்கள். பக்கத்து வளவுக்குள் விட்டால் தண்ணீர் போவதோடு உறவும் போகும். வீதி வடிகாலில் சேர்ப்பதானால் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும். கிணற்றுப் பக்கம் திருப்பவே கூடாது. வளவு மூலையில் உறிஞ்சு குழி வெட்டி விடலாம் என்று சிலர் சொல்வார்கள். மேட்டுச் செம்மண்ணில் அது வேலை செய்யும். நீர்மட்டமே 2 அடியில் நிற்கும் வயலோரக் காணியில் அந்தக் குழி மழை வருமுன்பே நிறைந்திருக்கும்.

வடிய வழியே இல்லாவிட்டால்

சுற்றிலும் மேடு, நீங்கள் பள்ளம் என்றால் நீரை ஓரிடத்தில் சேர்த்து ஏற்றிவிடுவதுதான் வழி. தம்பியின் வீட்டுப் பேஸ்மென்ற்றில் இருப்பதும் இதுதான். ஒரு நீலப் பரலில் சுற்றிவரத் துளையிட்டு, துணி சுற்றி, வாய்க்காலின் கடைசியில் 3 அடி ஆழத்தில் இறக்குங்கள். வெற்றிடத்தைச் சல்லியால் நிரப்புங்கள். உள்ளே, நீர் ஏறியதும் தானே இயக்கும் மிதவைச் சுவிட்ச் உள்ள நீர்மூழ்கிப் பம்பி ஒன்று. வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால், பம்பி நின்றதும் குழாயில் நின்ற நீர் திரும்பி விழும். பம்பி மறுபடி ஓடும். இரவு முழுவதும் இந்த விளையாட்டுத்தான். இணைப்பு ட்ரிப் சுவிட்ச் ஊடாகவே போக வேண்டும், அதை மின்னியலாளரே செய்யட்டும்.

பம்பி தேவைப்படும் இரவில்தான் மின்சாரமும் போகும். ஆகவே வயல் மோட்டாரின் உறிஞ்சு குழாய் அந்தப் பரலுக்குள் இறங்குமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். நான் அளக்கவில்லை. ஒரு மார்கழி இரவில் பரலின் வாயைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சுவரும் தளமும்

வெளியே வேலை முடிந்த பிறகு மிச்சமிருக்கும் கசிவுக்கே இது. வெடிப்பை மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. உளியால் வாய் குறுகி உள் அகன்றதாகக் கொத்தி, தூசி கழுவி, விரைவாக இறுகும் சீமெந்தை அழுத்துங்கள். அது சில நிமிடங்களில் இறுகிவிடும். கையுறை போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள்.

வெடிப்பால் நீர் ஓடிக்கொண்டே இருந்தால் பழைய மேசன்மார் செய்யும் ஒரு உபாயம் இருக்கிறது. நீர் அதிகமாக வரும் இடத்தில் ஒரு சிறு குழாயைச் செருகி, தண்ணீர் அதனால் வழிய விடுவார்கள். அழுத்தம் குறைந்ததும் சுற்றியுள்ள வெடிப்பு முழுவதையும் அடைப்பார்கள். அது நன்றாக இறுகிய பிறகு கடைசியில் குழாயை எடுத்து அந்த ஒரு துளையை அடைப்பார்கள். அங்கும் ஒரு வக்கடை.

பூச்சு வெளிப்புறம் பூசினால் நீரே அதைச் சுவரோடு அழுத்தும். உட்புறம் பூசினால் நீர் அதை உரித்துத் தள்ளும். அத்திவாரத்தின் வெளிமுகத்தைத் திறக்க முடியுமானால் பூசி மட்டமாக்கித் தார் இரண்டு பூச்சு அடியுங்கள். உட்புறம்தான் முடியும் என்றால் பெயின்ற் வேண்டாம். சீமெந்தோடு கலந்து பூசும் நீர்த்தடுப்புக் கலவையை, நனைத்த சுவரில், ஒன்று குறுக்கும் ஒன்று நெடுக்குமாக இரண்டு பூச்சுப் பூசுங்கள்.

ஓதத்துக்கு வேறு மருந்து. ஓதக் கோட்டுக்கு 1 அடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். உப்பை உலர்ந்த தும்புத்தடியால் துடையுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே காயவிட்டுப் பிறகு பூசுங்கள். கடல் மணல் கலந்த பூச்சு உப்பைத் தானே கொண்டுவரும். ஓதம் தடுக்கும் படை போடாமல் கட்டிய வீட்டில், சுவரை 2 அல்லது 3 அடித் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்துப் படை செருகும் முறை இருக்கிறது. அதை ஏற்கெனவே செய்து பழகிய மேசனிடம் மட்டும் கொடுங்கள்.

தளத்தை உடைத்துப் போடுவதானால் கொங்கிறீட்டுக்கு அடியில் 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் விரித்து, இணைப்புகளை 1 அடி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, ஓரங்களைச் சுவரில் மேலே மடித்துவிடுங்கள். ஈரத் தளத்துக்குமேல் ரைல்ஸ் பதித்து அழகு பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரம் இணைப்புகளால் கறுப்பாக வெளியே வரும், கறையான் கதவு நிலையைத் தேடி வரும்.

எப்போது எதைச் செய்வது

பார்ப்பது மாரியில், செய்வது கோடையில். கார்த்திகையிலும் மார்கழியிலும் குறிப்பெடுங்கள். ஆனி தொடக்கம் ஆவணி வரை நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது தோண்டுங்கள். புரட்டாசியில் பீலி, வாய்க்கால் வாய், பம்பி ஆகியவற்றைச் சோதியுங்கள். வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்திருந்தால் இறைத்துக் குளோரின் இட்ட பிறகே குடிக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அலுவலகத்தில் அதற்கு உதவுவார்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் இன்றைய வீதியின் மட்டத்தைப் பார்த்து அத்திவாரம் போடாதீர்கள். அது இன்னும் ஒரு முறை உயரும். வீதியின் நடுமுதுகிலிருந்து 2 அடி மேலே தளம் வரட்டும். பழைய வெள்ளம் எந்த மட்டத்தில் நின்றது என்று அயலில் உள்ள முதியவர்களிடம் கேட்டு, அதற்கும் மேலே போகட்டும்.

எங்கள் கிணற்றின் சிவப்புக் கோடு கொஞ்சம் மங்கிவிட்டது. போன மார்கழியில் நீர் அதற்கு 4 அங்குலம் கீழே வரை வந்து நின்றது. பரலில் பம்பி இரவில் ஏழு எட்டுத் தடவை ஓடியது. குசினித் தளம் காய்ந்தே கிடந்தது. இந்தப் புரட்டாசியில் கோட்டுக்கு மறுபடி பெயின்ற் அடிக்க வேண்டும்.